போனில சொன்னது முறைப்பாடு இல்லை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில சோலைவரியை, அதுதான் வீடு வளவுக்குச் சபை எடுக்கிற வரியைப் பற்றி நாலு வரி எழுதினதுதான் தாமதம், கேள்வி கேட்டு எழுதின ஆக்களில முக்காவாசிப் பேர் வரியைப் பற்றிக் கேக்கேல்ல, பக்கத்துக் கடையைப் பற்றியும் பக்கத்து வீட்டைப் பற்றியும்தான் கேட்டிருக்கினம். நல்லம், எனக்கும் அதுதான் பழக்கம். உள்ளூராட்சிக் கந்தோர் ஒண்டில முன் மேசையில இருந்து முறைப்பாட்டுக் கடிதம் வாங்கி வாங்கியே பென்சனுக்கு வந்தவன் நான். எந்தக் கந்தோர் எண்டு கேக்காதேங்கோ, இப்பவும் அங்க போய்த் தேத்தண்ணி குடிக்கிறனான்.

கேள்வி: எங்கட ஒழுங்கை முகப்பில ஒரு சாப்பாட்டுக்கடை. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு சட்டி பானை கழுவின தண்ணியை எண்ணெயும் சோறுமா மழைத்தண்ணி போற கானுக்குள்ள விடுகினம். நாத்தம் தாங்கேலாது. மெம்பருக்கு மூண்டு தரம் போன் எடுத்திட்டன், பாக்கிறன் தங்கச்சி எண்டு சொன்னதோட சரி. (வாசகி, உவர்மலை, திருகோணமலை)

தங்கச்சி, முதல்ல ஒண்டு கேக்கிறன், நீங்கள் போன் எடுத்தது இப்பத்தைய மெம்பருக்கா பழைய மெம்பருக்கா? சிரிக்காதேங்கோ. 2018இல வந்த உள்ளூராட்சி சபையள் 2023 மார்ச்சோட முடிஞ்சு, பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கிற வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு மேல மெம்பர் எண்டு ஒருத்தரும் இல்லை, அதிகாரிமார் மட்டும்தான் நடத்தினவை. அந்த இடைவெளியில போனில பழைய நம்பரை வச்சிருக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம், பழைய மெம்பரும் பாவம் இல்லை எண்டு சொல்ல மனம் வராமப் பாக்கிறன் எண்டுதான் சொல்லுவார்.

சரி, புது மெம்பரே எண்டு வைப்பம். போனில சொன்னது அவருக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது. சபைக்குத் தெரியிறது எண்டா தபால் பதிவுப் புத்தகத்தில ஒரு இலக்கம் விழோணும். அந்த இலக்கம் விழுந்தாத்தான் பைல் திறபடும், பைல் திறந்தாத்தான் பீ.எச்.ஐ.க்கு, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போகும், பீ.எச்.ஐ போய்ப் பாத்தா அவர் அறிக்கை எழுதியே ஆகோணும். அதால ஒரு கடிதம் எழுதுங்கோ. மாநகர சபை ஆணையாளருக்கு எண்டு போட்டு, பிரதியை சுகாதார வைத்திய அதிகாரி கந்தோருக்கும் அனுப்புங்கோ. ரெண்டு கொப்பி கொண்டு போய், உங்கட கொப்பியில திகதி சீல் அடிச்சு இலக்கம் போட்டுத் தரச்சொல்லி வாங்குங்கோ. நேரில போக ஏலாட்டிப் பதிவுத் தபால், அந்தத் துண்டைக் கவனமா வைக்கோணும்.

என்ன எழுதுறது எண்டதிலதான் எங்கட சனம் பிழை விடுறது. ஒருக்கா ஒரே கடையைப் பற்றி ஒரே கிழமையில ரெண்டு கடிதம் வந்தது. ஒண்டு நாலு பக்கம். கடைக்காரர் எந்த ஊரில இருந்து வந்தவர், முந்தி என்ன தொழில் செய்தவர், மகன் எப்பிடி மோட்டச்சைக்கிள் ஓடுறவர், கல்யாண வீட்டில என்ன சண்டை, கடைசிப் பக்கத்தில கடைசி வரியில ‘கழிவுத்தண்ணியும் விடுகிறார்’. மற்றது ஏழு வரி. கடை இருக்கிற இடம், எந்தக் கான், எத்தினை மணிக்கு, எந்தெந்த நாள், மூண்டு போட்டோ, அவ்வளவுதான். ஏழு வரிக் கடிதம் அண்டைக்கே பின்னேரம் பீ.எச்.ஐ.ட கைக்குப் போட்டுது. நாலு பக்கத்தைப் பெரியவர் ஒருத்தர் மேசையில வச்சு ரசிச்சு ரசிச்சு வாசிச்சுப்போட்டு, நாளைக்குப் பாப்பம் எண்டு வச்சவர், எனக்குத் தெரிய அது அங்கயே கிடந்தது.

இன்னொரு விசயம், கடையை மூடச்சொல்லிக் கேக்காதேங்கோ. கழிவுத்தண்ணியை மழைக்கானுக்கு விடுறதை நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்கோ. வித்தியாசம் இருக்கு. அந்தக் கடைக்கு லைசன் குடுத்ததும் சபைதான், அதால வருமானம் எடுக்கிறதும் சபைதான், உங்கட முறைப்பாட்டை விசாரிக்கிறதும் அதே சபைதான். மூடு எண்டு கேட்டா எல்லாரும் தயங்குவினம். லைசன்ஸில சொன்னமாதிரி நடக்கச்சொல்லுங்கோ எண்டு கேட்டா, இல்லை எண்டு சொல்ல அவையளுக்கு வழி இல்லை. சாப்பாட்டுக்கடைக்கு லைசன் குடுக்கிறதுக்கு முன்னம் பீ.எச்.ஐ போய்க் குசினி, தண்ணி, கழிவுத்தண்ணி போற வழி, வேலை செய்யிற பெடியளிட மெடிக்கல் எல்லாம் பாக்கிறவர்தானே.

அந்த லைசன் ஒரு வருசத்துக்குத்தான், டிசம்பர் 31ஓட முடிஞ்சிடும், புதுப்பிக்கோணும். இதை உள்ள இருந்தவன் எண்டபடியாச் சொல்லுறன்: உங்கட கடிதம் ஒக்டோபர், நவம்பரில பைலில விழுந்திருந்தா, புதுப்பிக்க வரேக்க அதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் கடைக்காரர் போகோணும். மாரி துவங்கிக் கான் நிரம்பி றோட்டுக்கு வாற காலமும் அதுதான், போட்டோவும் நல்லா விழும்.

எல்லாம் செய்தும் சரிவராட்டிப் பொதுத்தொல்லை எண்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில 98ஆம் பிரிவு இருக்கு, தொல்லையை நீக்கச்சொல்லி நீதவான் கட்டளை போடலாம். ஆனா அதுக்கும் கையில அந்தச் சீல் அடிச்ச கொப்பி இருந்தா நல்லம்.

கேள்வி: எங்கட தெருவில லைட் எரியாம ஒரு மாசம். மின்சார சபைக்குச் சொன்னா நகரசபைக்குச் சொல்லு எண்டுகினம். (பாலையூற்று)

அவையள் சொன்னது சரி. போஸ்ட் மின்சார சபையிட, அதில கொழுவியிருக்கிற தெரு லைட் உள்ளூராட்சி சபையிட பொறுப்பு. வயர் அறுந்து தொங்குது எண்டா மின்சார சபை, பல்ப் பழுதாப் போட்டுது எண்டா சபை. போஸ்டில ஒரு இலக்கம் எழுதியிருக்கும், பகலில போய் அதைப் பாத்து எழுதிக் குடுங்கோ. ‘கோயிலுக்குப் பக்கத்துப் போஸ்ட்’ எண்டு எழுதினா, ஐயா, திருகோணமலையில எந்தப் போஸ்ட் கோயிலுக்குப் பக்கத்தில இல்லை?

கேள்வி: பேர் போடாம முறைப்பாடு எழுதலாமா? எழுதினது நான் எண்டு தெரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரர் கதைக்க மாட்டார்.

எழுதலாம். மொட்டைக் கடிதம் எண்டு மூலையில எழுதி வச்சிடுவினம். டெங்கு நுளம்பு, செத்த மாடு மாதிரிக் கண்ணால பாத்தாத் தெரியிற விசயம் எண்டா மொட்டைக் கடிதத்துக்கும் ஆள் போகும். மற்றதுக்குப் பேர் வேணும். பேரைப் போட்டு, என்ட பேரை வெளியில சொல்லாதேங்கோ எண்டு கீழ ஒரு வரி எழுதுங்கோ. அது முழுக்க மறைஞ்சிருக்கும் எண்டு நான் வாக்குக் குடுக்க மாட்டன், சின்ன ஊர் இது.

கேள்வி: நான் ரவுணுக்குள்ள பதினெட்டு வருசமா ஒரு பான்சிக் கடை நடத்துறன். சோலைவரி, வியாபார வரி, போர்டுக்குக் காசு எல்லாம் கட்டுறன். என்ட கடை வாசலிலயே ஒருத்தர் கட்டில் போட்டு அதே சாமானை அரை விலைக்கு விக்கிறார், அவர் ஒண்டும் கட்டுறேல்ல. கேட்டா வயித்துப் பிழைப்பாம். எனக்கு வயிறு இல்லையோ? (மத்திய வீதி)

உங்கட கோவம் விளங்குது அண்ணை, ஆனா நான் முழுக்க உங்கட பக்கம் நிக்க மாட்டன், முதல்லயே சொல்லிப்போடுறன்.

நடைபாதையை மறிச்சு யாவாரம் செய்யேலாது, அது சரி. சனம் றோட்டில இறங்கி நடக்க வேண்டி வருது, பஸ்ஸும் ஓட்டோவும் போற இடத்தில பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கொண்டு தாய்மார் இறங்கி நடக்கிறதை நான் பாக்கிறனான். அதை எழுதுங்கோ. ‘அவர் வரி கட்டேல்ல’ எண்டு எழுதாதேங்கோ, ‘நடைபாதை இத்தினை அடி, அதில இத்தினை அடி மறிபட்டிருக்கு’ எண்டு அளந்து எழுதுங்கோ. சபை அள்ளிக்கொண்டு போனாலும் ரெண்டாம் நாள் வேற கட்டில் வரும், அதால வேற இடம் குடுக்கச்சொல்லியும் சேத்துக் கேக்கோணும். கோணேசர் நகர்வலம் வாற நாளையிலயும் காளி கோயில் திருவிழாவிலயும் தற்காலிகக் கடைக்கு இடம் அளந்து காசு வாங்கிக் குடுக்கிறதுதானே, திருவிழாவுக்கு அளக்கத் தெரிஞ்ச ஆக்களுக்கு மற்ற நாளிலயும் அளக்க ஏலும். வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து, இந்த இடத்தில இத்தினை தட்டுக்கு நாள்வாடகைக்குக் குடுங்கோ, இந்த வாசல்களை விடுங்கோ எண்டு ஒரே கடிதமாக் குடுத்தா அது சபைக் கூட்டத்துக்குப் பிரேரணையாப் போகும். தனிய நீங்கள் குடுத்தா அது ரெண்டு யாவாரியளிட சண்டை.

பிறகு குறை நினைக்காதேங்கோ, உங்கட கடையைப் போய் ஒருக்கா வெளியில நிண்டு பாருங்கோ. வாளி, கதிரை, விளையாட்டுச் சாமான் எல்லாம் படியைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்து நிக்குது எண்டு. எங்கட ரவுணில பாதிக் கடை அப்பிடித்தான், நானும் அதுக்குள்ளாலதான் நடக்கிறனான். அளக்க வாற ஆள் ரெண்டு பேரையும்தான் அளப்பார்.

வரியைப் பற்றி ஒண்டு: சோலைவரியை முழு வருசத்துக்கும் ஜனவரி 31க்கு முன்னம் கட்டினா நூற்றுக்கு 10 கழிவு, காலாண்டுக்குக் காலாண்டு அந்தந்த முதல் மாசத்துக்குள்ள கட்டினா நூற்றுக்கு 5. பதினெட்டு வருசமாக் கட்டுறவர் இதைத் தெரியாமக் கட்டியிருந்தா எனக்குத்தான் கவலை. பற்றுச்சீட்டுகளை ஒரு பைலில போடுங்கோ, சபையோட கதைக்கப் போகேக்க அதைக் கையில கொண்டு போங்கோ, காட்டத் தேவையில்லை, கையில இருந்தாக் காணும்.

கேள்வி: மகன் வெளிநாட்டில, வீட்டில மேல் மாடி சும்மா கிடக்கு. சுற்றுலாப் பயணியளுக்கு ரெண்டு அறை விடலாம் எண்டு யோசிக்கிறம். யாரிட்டப் போறது? (உப்புவெளி)

அம்மா, முதல்ல சோலைவரி பில்லை எடுத்து மேல என்ன பேர் எண்டு பாருங்கோ. எல்லாரும் தாங்கள் ரவுண் எண்டுதான் நினைக்கினம். உப்புவெளிப் பக்கம் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, இன்னும் அங்கால நிலாவெளி எண்டா குச்சவெளிப் பிரதேச சபை. ரவுணுக்குள்ள இருக்கிறது முந்தி நகரசபை, இப்ப மாநகர சபை, என்ட வாய்க்கு இன்னும் நகரசபை எண்டுதான் வருது. பிழையான சபையில வரிசையில நிண்டு, மத்தியானம் வரைக்கும் இருந்து, ‘இது எங்களிட இல்லை’ எண்டு கேட்டுத் திரும்பிப் போன ஆக்களை நான் ஒவ்வொரு கிழமையும் பாத்தனான்.

சரியான சபையில வியாபார லைசன், அதுக்குப் பிறகு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில பதிவு. மாடி கட்டினபோது எடுத்த கட்டட அனுமதியையும், கட்டி முடிச்சாப்போல எடுக்கிற சான்றிதழையும் தேடி எடுங்கோ. மேல் மாடிக்கு அனுமதியே எடுக்கேல்ல எண்டா அதை முதல்ல சரிப்பண்ணுங்கோ, இல்லாட்டி முதல் விருந்தாளி வரமுன்னம் முதல் மொட்டைக் கடிதம் வரும்.

கேள்வி: விண்ணப்பம் குடுத்து நாலு மாசம். போனா ‘பைல் போய்க்கொண்டிருக்கு’ எண்டுகினம். எங்க போகுது எண்டு யாரிட்டக் கேக்கிறது?

எந்தச் சபை எண்டு நீங்கள் எழுதேல்ல, நல்லது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஒவ்வொரு பொதுக் கந்தோரிலயும் தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்கோணும். ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலயே எழுதலாம். ‘என்ட விண்ணப்பம் ஏன் தாமதம்’ எண்டு கேக்காதேங்கோ, அதுக்கு வாற பதில் ஒரு கதையாத்தான் இருக்கும். ‘இன்ன திகதி, இன்ன இலக்க விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிட்ட எந்தெந்தத் திகதியில போனது, ஒவ்வொருத்தரும் எழுதின குறிப்புகளிட பிரதி தாங்கோ’ எண்டு கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். சொல்லாட்டி அதே கந்தோரில குறித்தளிக்கப்பட்ட அலுவலர் எண்டு ஒருத்தர் இருப்பார், அவரிட்ட 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டிக் கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

என்ட அனுபவத்தில, அந்தக் கடிதம் உள்ள போன கையோட பைல் கிடந்த இடத்தால எழும்பி நடக்கத் துவங்கும். தகவல் கிடைக்க முன்னமே விண்ணப்பம் முடிஞ்சு வந்திடும். பிறகு ஆக்கள் தகவலைக் கேக்காமலே விட்டிடுவினம், அது பிழை, அதையும் வாங்கி வையுங்கோ.

கேள்வி: நான் வீட்டோட ஒரு சின்ன மில் வச்சு மிளகாய்த்தூள், அரிசிமா அரைச்சுக் குடுக்கிறன். கணவர் இல்லை, இதுதான் வருமானம். பக்கத்து வீட்டில சத்தம், தும்மல் எண்டு எழுதிக் குடுத்து, சபையில இருந்து கடிதம் வந்திருக்கு. பயமா இருக்கு. (செல்வநாயகபுரம்)

பயப்பிடாதேங்கோ பிள்ளை, கடிதம் வந்தது நல்லதுதான், நேர ஆள் வந்து நிக்கேல்லத்தானே. கடிதத்தில ஒரு திகதி போட்டிருக்கும், அந்த நாளைக்குக் கட்டாயம் போங்கோ. போகாட்டி ஒரு பக்கத்துக் கதையைத்தான் எழுதுவினம்.

ரெண்டு துண்டு தேவை. ஒண்டு வியாபார லைசன். மற்றது சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ குடுக்கிறது. பெரிய தொழிற்சாலை எண்டா மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போகோணும், உங்கட மாதிரிச் சின்ன மில்லுக்குக் குடுக்கிற அதிகாரத்தை உள்ளூராட்சி சபைக்கே விட்டிருக்கினம். அனேகமா உங்களிட்ட முதலாவது இருக்கும், ரெண்டாவது இராது, கன பேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. விண்ணப்பத்தை இப்பவே குடுத்து, குடுத்த துண்டோட விசாரணைக்குப் போங்கோ.

அதுக்கு முன்னம் செய்யக்கூடிய வேலை: மோட்டருக்குக் கீழ தடிச்ச றப்பர் வையுங்கோ, பழைய லொறி ரயர் வெட்டினதே காணும், நிலத்தால போற அதிர்வு பாதி குறையும். பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கிற யன்னலைக் கல்லு வச்சு அடைச்சு, காத்துக்கு மற்றப் பக்கம் திறவுங்கோ. தூள் விழுற வாயில துணிப்பை கட்டுங்கோ. மிளகாயை ஒவ்வொரு நாளும் அரைக்காமக் கிழமையில ரெண்டு நாள், அவையள் வேலைக்குப் போற நேரமாப் பாத்து அரையுங்கோ, அதை ஒரு போர்டில எழுதிக் கேற்றில தொங்கவிடுங்கோ. விசாரணைக்கு வாற ஆள் பாக்கிறது இதைத்தான். செய்தாச்சு எண்டு போட்டோவோட காட்டினா, நேரத்தைக் கட்டுப்படுத்தி நிபந்தனை போட்டு விடுவினம்.

முறைப்பாடு எழுதினவரையும் குறை சொல்ல மாட்டன், வறுத்த மிளகாய் அரைக்கிற நேரம் பக்கத்தில இருந்து பாத்தாத் தெரியும். அவர் ஏழு வரியில எழுதியிருந்தா ஆள் என்ட வாசகராத்தான் இருக்கோணும்.

கேள்வி: குப்பை லொறி வாற நாள் விடிய பையைக் கேற்றடியில வச்சா, லொறிக்கு முன்னம் மான் வந்து கிழிச்சுப்போடுது. இதுக்கு முறைப்பாடு யாருக்கு?

வெளியூர் ஆக்கள் இதை வாசிச்சா நான் கதை விடுறன் எண்டு நினைப்பினம். கோட்டைக்குள்ள நிண்ட புள்ளிமான் எல்லாம் இப்ப ரவுணுக்குள்ள மாடு மாதிரித் திரியுது. மான் வனசீவராசிகள் திணைக்களத்திட, குப்பை சபையிட, பை உங்கட. சாப்பாட்டுக் கழிவைப் பொலித்தீனில கட்டி வைக்காதேங்கோ, உப்பும் எண்ணெயும் மணத்தா அது பையோட சேத்துத்தான் திங்கும், அப்பிடித் திண்டு வயித்துக்குள்ள பொலித்தீன் அடைச்சுச் செத்த மானுகள் இருக்கு. மூடியுள்ள வாளியில போட்டு, லொறிச் சத்தம் கேட்டாப் பிறகு வெளியில வையுங்கோ.

எனக்கும் மானுக்கும் ஒரு கணக்கு இருக்கு. என்ட வீட்டு வாசலில கான் மூடி உடைஞ்சு, நான் ஒரு கந்தோருக்குப் போக அவை இது பெரிய றோட்டைச் சேந்தது எண்டு இன்னொரு கந்தோருக்கு அனுப்ப, அவை திரும்ப முதல் கந்தோருக்கு அனுப்ப, சைக்கிள்காரர் விழக்கூடாது எண்டு அந்த ஓட்டைக்குள்ள ஒரு வாழைக்குட்டியை நட்டு வச்சன். இருபது வருசத்துக்கு மேல ஆக்களுக்குக் கடிதம் எழுதுங்கோ எண்டு சொன்ன நான், என்ட விசயத்துக்கு வாயால சொல்லிக்கொண்டு ரெண்டு மாசம் திரிஞ்சன், பழக்கமான கந்தோர்தானே எண்ட எண்ணம். வாழை மூண்டாவது இலை விட்ட அண்டைக்கு விடிய ஒரு மான் வந்து அதை அடியோட திண்டிட்டுப் போட்டுது. அண்டைக்குத்தான் வீட்டுக்குள்ள போய்ப் பேப்பரும் பேனையும் எடுத்தனான்.